ஊற்றும் குளமும்: வில்லியனூர்த் தூய லூர்து அன்னை ஆலய வரலாறும் தமிழ் வழிபாட்டு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரிக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வில்லியனூரில் 1876-77ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்ட தூய லூர்து அன்னை ஆலயம், பிரான்சு நாட்டு லூர்துத் திருத்தலத்தின் படியாக்கமாகவே பொதுவில் அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆசியாவில் லூர்து அன்னைக்கு எழுந்த முதல் ஆலயம் என்னும் சிறப்பும் அதற்கு உரைக்கப்படுகிறது. இக்கட்டுரை அவ்வாலயத்தின் வரலாற்றுச் சூழலையும், குளம், தேர், கொடி, திருநாள் முதலிய வழிபாட்டுக் கூறுகளையும், அவை சார்ந்த சொற்களையும் ஆராய்கிறது. லூர்தின் மலையூற்று வில்லியனூரில் படித்துறையுடைய குளமாக மாறியமை, வெளிநாட்டுப் பக்தி ஒன்று தமிழ்த் திருத்தல இலக்கணத்துக்குள் மறு ஆக்கம் பெற்றதைக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும். 1704இல் புதுச்சேரியிலேயே பிறப்பிக்கப்பட்ட மலபார்ச் சடங்குத் தடையின் பின்னணியில் இம்மறு ஆக்கத்தின் பொருள் தெளிவுறுகிறது.

திறவுச்சொற்கள்: வில்லியனூர், லூர்து அன்னை, திருக்குளம், தாது ஆண்டுப் பஞ்சம், மலபார்ச் சடங்குகள், கிறித்தவத் தமிழ்

முன்னுரை

வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களின் பழைய வரலாற்றை அறிய முற்படுவோர் முதலில் நாடுவது கற்களையே. பாகூர் மூலநாதர் கோயிற் சுவர்கள் சோழர் காலக் கல்வெட்டுகளையும் இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலக் கல்வெட்டுகளையும் தாங்கி நிற்கின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியை உரைக்கிறது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலும் கல்வெட்டுகள் உடையது. பாகூர் சு. குப்புசாமி திரட்டிய புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகள், கோ. விசயவேணுகோபாலின் பதிப்பாக வெளிவந்தபின், இப்பகுதியின் இடைக்கால வரலாறு உறுதியான அடித்தளம் பெற்றது.

இதே நிலப்பகுதியில் உள்ள கிறித்தவ ஆலயங்களின் நிலை வேறு. கொடையையும் எல்லையையும் முறையையும் சுவரிலேயே எழுதிவைக்கும் மரபு அவற்றுக்கு இல்லை. அவற்றின் எழுத்துச் சான்று திருமுழுக்குப் பதிவேடுகளிலும் மறைப்பணியாளர் மடல்களிலும் தங்கியது. ஊரார் அவ்வாலயத்தைத் தமதாக்கிக்கொண்ட வரலாறோ வழக்காற்றிலும் சொல்லிலும் தங்கியது. ஆகவே இத்தகைய ஆலயம் ஒன்றின் வரலாற்றைக் கட்டட ஆண்டோடு நிறுத்திக்கொண்டால் பாதியே கிட்டும். கட்டப்பட்டபின் அது எவ்வாறு வழங்கப்பட்டது என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். அந்நோக்கில் வில்லியனூர் ஆலயம் இங்கு ஆராயப்படுகிறது.

1. வில்லியனூரின் நிலமும் ஆட்சியும்

வில்லியனூரும் பாகூரும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கருநாடகப் போர்களின் சூழலில், பிரெஞ்சியர் வசமாயின. 1752ஆம் ஆண்டில் பாகூர் அருகே நடந்த போரில் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையை வென்றது. 1761இல் புதுச்சேரி நகரமே ஆங்கிலேயரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1783ஆம் ஆண்டின் வெர்சேல்சு உடன்படிக்கையில் புதுச்சேரியைச் சூழ்ந்த நிலமாக வில்லியனூரும் பாகூரும் பெயர் சுட்டிக் குறிப்பிடப்பட்டன. நகரத்துக்குச் சோறும் நீரும் அளித்த நெல்வயற் பகுதி என்பதே அவற்றின் மதிப்பாக இருந்தது. 1880இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன் ஆட்சிமுறை ஏற்படுத்தப்பட்டபோது இவ்விரண்டும் தனித்தனிக் கொம்யூன்களாயின. புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் இணைத்த இருப்புப்பாதை 1879இல் திறக்கப்பட்டது. அப்பாதையில் வில்லியனூர் ஒரு நிலையமாயிற்று.

சமய நிலையில், இவ்வூரின் மையம் திருக்காமீசுவரர் கோயிலாகும். அங்கு எழுந்தருளியுள்ள அம்மை கோகிலாம்பாள் எனப் பெயர் பெறுகிறாள். அக்கோயிலின் வைகாசிப் பெருவிழாத் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிவைப்பது வழக்கமாயிருந்தது. அவ்வழக்கு ஆட்சி மாற்றத்தின் பின்னும் தொடர்ந்து, இன்று புதுச்சேரித் துணைநிலை ஆளுநரால் நிறைவேற்றப்படுகிறது. ஊரை ஆள்பவர் எச்சமயத்தவராயினும் தேர்வடத்தில் கைவைத்தாக வேண்டும் என்னும் நெறி இவ்வூரில் நிலைபெற்றிருந்தது. லூர்து அன்னை ஆலயம் எழுந்தது இத்தகைய நெறியுடைய ஊரில் என்பது கருதத்தக்கது.

2. லூர்து: 1858 முதல் 1876 வரை

பிரான்சின் தென்மேற்கே, பிரனீசு மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் லூர்து. அங்கு 1858 பிப்ரவரி 11 முதல் சூலை 16 வரை, மசபியேல் என்னும் குகையில், பெர்னதெத் சுபீரு என்னும் 14 வயதுச் சிறுமிக்கு அன்னை மரியா 18 முறை காட்சியளித்ததாக நம்பப்படுகிறது. பிப்ரவரி 25ஆம் நாள் அச்சிறுமி மண்ணைக் கிளறிய இடத்தில் ஊற்றுநீர் தோன்றியது. மார்ச்சு 25ஆம் நாள் காட்சியில் அன்னை தம்மை அமலோற்பவம் என அறிவித்ததாகச் சிறுமி உரைத்தார். மரியாவின் அமலோற்பவம் குறித்த கோட்பாட்டைத் திருத்தந்தை 9ஆம் பத்திநாதர் 1854 திசம்பர் 8ஆம் நாளே மறையுண்மையாக அறிவித்திருந்தார். தர்பு மறைமாவட்ட ஆயர் 1862இல் காட்சிகளை ஏற்றுச் சான்றளித்தார். குகையின் மேல் எழுந்த பெருங்கோயில் 1876 சூலை 2ஆம் நாள் நேர்ந்தளிக்கப்பட்டது. மறுநாள் அங்குள்ள அன்னையின் சுரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது.

இச்செய்திகளைப் புதுச்சேரி மறைமாநிலம் ஏற்றற்குரிய நிலையில் இருந்தது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின், 1776 முதல் இம்மறைமாநிலப் பொறுப்பு பாரீசு வெளிநாட்டு மறைப்பணிக் குழுவினரிடம் இருந்தது. அவர்கள் கட்டியெழுப்பிய புதுச்சேரித் தலைமைக் கோயில் அமலோற்பவ அன்னைக்கே உரியது. பொதுமக்கள் அதனைச் சம்பாக் கோயில் என்பர். அவ்விடத்தில் முன்னர் இருந்து அழிந்த இயேசு சபையாரின் புனித பவுல் கோயிற்பெயரின் திரிபே ‘சம்பா’ என்பதாம். லூர்துச் செய்தி வருவதற்கு முன்னரே அமலோற்பவம் என்னும் சொல்லும் அது குறித்த வழிபாடும் இங்கு வேரூன்றியிருந்தன. 1869இல் திறக்கப்பட்ட சூயசுக் கால்வாய் பிரான்சுக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான கடற்பயணத்தைச் சுருக்கியது. பிரான்சில் உருவான ஒரு பக்தி சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையை அடைதற்கு வேண்டிய வழி இவ்வாறு அமைந்திருந்தது.

3. தாது ஆண்டில் எழுந்த ஆலயம்

ஆயர் பிரான்சுவா லவுவெனான் புதுச்சேரி மறைமாநிலத்தை ஆண்ட காலத்தில், 1876-77இல் வில்லியனூர் ஆலயம் உருவாயிற்று. லூர்திலிருந்து அன்னையின் சுரூபம் 1877இல் கொண்டுவரப்பட்டது. வரும் வழியில் பெட்டி கீழே விழுந்தும் சுரூபம் சிதையவில்லை என்பது ஆலய மரபில் வழங்கும் செய்தி. தெய்வத் திருமேனி தன் இருப்பிடத்தைத் தானே தெரிந்துகொண்டதாகவும், வழியில் வியப்புகள் நிகழ்ந்ததாகவும் உரைக்கும் கதைகள் தமிழகத் தலபுராண மரபில் பலவுள. ஆலயம் எழுந்தபோதே அதற்குரிய தலக்கதையும் அம்மரபின் சாயலில் உருவாகத் தொடங்கிவிட்டதை இச்செய்தி உணர்த்துகிறது.

சுரூபம் வந்த காலத்தின் கொடுமையை நோக்கவேண்டும். 1876ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அவ்வாண்டு தமிழ் ஆண்டுமுறையில் தாது. மக்கள் நாவில் இன்றும் ‘தாது வருசப் பஞ்சம்’ என நிற்கும் கொடும் பஞ்சம் 1878 வரை நீடித்தது. பிரித்தானிய இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். அம்மாகாணத்தின் தென்னார்க்காட்டு மாவட்டம் புதுச்சேரியின் சிற்றூர்களை நாற்புறமும் சூழ்ந்திருந்தது. வில்லியனூர் வயல்களுக்கும் அண்டைப் பகுதி வயல்களுக்கும் இடையே இருந்தது ஆட்சி எல்லையே அன்றி வானிலை எல்லை அன்று. இப்பஞ்ச காலத்தில் புதுச்சேரி மறைமாநிலத்தில் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். வயிற்றுப்பசியும் மறைப்பணியாளரின் நிவாரணப் பணியும் சமய மாற்றமும் ஒன்றோடொன்று பிணைந்த காலம் அது.

பஞ்சமே ஆலயம் எழக் காரணம் என்று கொள்வதற்கு இடமில்லை. ஆயினும், வறண்ட மண்ணில் ஊற்று தோன்றிய கதையையுடைய அன்னை, நீர் பொய்த்த ஆண்டில், நீரை நம்பி வாழ்ந்த உழவர் ஊருக்கு வந்தாள் என்னும் பொருத்தத்தைப் புறக்கணித்தல் இயலாது. லூர்தின் நீர் பிரான்சில் முதன்மையாக நோய் தீர்க்கும் நீராகப் போற்றப்பட்டது. வில்லியனூர்ச் சூழலில் நீர் என்னும் சொல்லே உயிர் என்னும் பொருளைத் தாங்கியிருந்தது.

1886இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயரின் ஒப்புதலோடு வில்லியனூர் அன்னைக்கு முடிசூட்டப்பட்டது. லூர்தில் நிகழ்ந்த முடிசூட்டுக்குப் பத்தாண்டுகள் கழித்து இது நிகழ்ந்தது. அதே 1886ஆம் ஆண்டில் இந்தியத் திருச்சபை ஆட்சியமைப்பு நிறுவப்பட்டு, புதுச்சேரி உயர்மறைமாவட்டமாயிற்று. லவுவெனான் அதன் முதல் பேராயரானார். அவர் பிராமணியத்தை யூத, கிறித்தவ சமயங்களோடு ஒப்பிட்டு ஈரடங்கல் நூல் ஒன்றைப் பிரெஞ்சில் இயற்றியவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. உள்நாட்டுச் சமய மரபை ஏற்பதும் மறுப்பதுமான விவாதத்தை அறியாத ஆயரின் காலத்தில் இவ்வாலயம் எழவில்லை.

‘முதல் ஆலயம்’ என்னும் உரிமை குறித்து ஒரு சொல் கூறவேண்டும். காட்சிகள் நிகழ்ந்து 19 ஆண்டுகளில் இவ்வாலயம் எழுந்தது உண்மை. லூர்துப் பெருங்கோயில் நேர்ந்தளிக்கப்பட்ட மறு ஆண்டிலேயே சுரூபம் வில்லியனூர் வந்தடைந்ததும் உண்மை. திருச்சிராப்பள்ளியின் புகழ்பெற்ற லூர்து அன்னை ஆலயப் பணி 1890இல்தான் தொடங்கியது. எனவே தமிழ்நிலத்தில் இதன் காலமுதன்மை வலுவுடையது. ஆயினும் ஆசியாவில் முதல், உலகில் முதல் என அவ்வுரிமையை விரித்துக்கொண்டே செல்வதனால் ஆலயத்தின் வரலாற்று மதிப்பு கூடுவதில்லை. அம்மதிப்பு, முந்தி எழுந்தது என்பதைக் காட்டிலும், எழுந்தபின் எவ்வாறு வளர்ந்தது என்பதில் மிகுதியாக உள்ளது.

4. ஊற்று குளமானது

வில்லியனூர் ஆலயத்தின் தனித்தன்மை அதன் எதிரே அமைந்துள்ள திருக்குளமாகும். நாற்புறமும் படிகள் இறங்க, நடுவில் அன்னையின் சுரூபம் நிற்க அது அமைந்துள்ளது. லூர்து ஊற்றிலிருந்து கொணரப்படும் நீர் இக்குளத்து நீரோடு கலக்கப்படும் வழக்கம் உண்டு.

லூர்தின் நிலவமைப்போடு இதனை ஒப்பிடுதல் வேண்டும். அங்கு குகை, பாறை, ஊற்று, ஆறு ஆகியன இயற்கையாக அமைந்தவை. ஊற்றுநீர் குழாய்களுக்கும் மூடிய நீராட்டறைகளுக்கும் செலுத்தப்படுகிறது. நீராடுவோர் ஒவ்வொருவராகத் தனியறையுள் தொட்டியில் இறங்குவர். லூர்தை அப்படியே படியெடுத்தல் மட்டும் நோக்கமாயின், செயற்கைக் குகையும் நீர்க்குழாயும் போதுமானவை. உலகெங்கும் உள்ள லூர்துப் படியாக்கங்கள் பெரும்பாலும் குகையைத்தான் மையமாகக் கொண்டன. தமிழகத்தின் பல பங்குகளில் ‘கெபி’ என வழங்கும் குகைப்பீடமும் அவ்வகையினதே. வில்லியனூரில் மைய இடத்தைக் குளம் பெற்றது.

திருக்கோயிலின் எதிரே படித்துறையுடைய குளமும், அதன் நடுவே நீராழி மண்டபமும் அமைத்தல் தமிழ்க் கோயிற் கட்டட மரபு. அம்மரபில் தலம், மூர்த்தி, தீர்த்தம் என்னும் மூன்றும் கூடியபோதே ஓர் ஊர் திருத்தலமாகிறது. வில்லியனூர்க் குளத்தின் நடுவே அன்னையின் சுரூபம் நிற்பது நீராழி மண்டபத்தின் இடத்தை நினைவூட்டுகிறது. லூர்து நீரைக் குளத்து நீரோடு கலப்பதும் தமிழர்க்குப் பழகிய கருத்தே. கங்கை நீரை இங்குள்ள தீர்த்தங்களில் சேர்ப்பதும், தொலைவிலுள்ள புனித ஆறு உள்ளூர்க் குளத்தில் வந்து கலப்பதாக நம்புவதும் நம் தலபுராணங்களில் பரவலாகக் காணப்படும். கும்பகோணத்து மகாமகக் குளம் இதற்குத் தெளிவான சான்று.

கிறித்தவ மரபுக்குள்ளேயே இதற்கு முன்மாதிரி இருந்தது. வேளாங்கண்ணியில் அன்னை பால்காரச் சிறுவனுக்குக் காட்சியளித்ததாகக் கூறப்படும் இடம் ஒரு குளக்கரை. அது இன்றும் மாதா குளம் எனப்படுகிறது. ஆகவே லூர்துச் செய்தி தமிழகத்துக்கு வந்தபோது, அன்னையும் நீரும் இணையும் இடம் குளம் என்னும் எண்ணம் தமிழ்க் கத்தோலிக்கரிடம் முன்னரே இருந்தது. பிரான்சின் ஊற்றை அவர்கள் வேளாங்கண்ணி வழியாகவே புரிந்துகொண்டனர் எனலாம்.

5. 1704ஆம் ஆண்டுத் தடையும் அதன் பின்னரும்

இம்மாற்றத்தின் முழுப்பொருளை அறிய, புதுச்சேரி வரலாற்றின் பிறிதொரு நிகழ்வை நோக்கவேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இராபர்ட்டு தெ நோபிலி மதுரையில் தொடங்கிய உள்நாட்டு நெறித் தழுவல், திருச்சபைக்குள் நெடிய விவாதத்தை எழுப்பியது. அதனை ஆராயத் திருத்தந்தையின் தூதராக அனுப்பப்பட்ட தெ துர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கினார். 1704 சூன் 23ஆம் நாளிட்ட ஆணையால் பல வழக்கங்களைத் தடைசெய்தார். தாலியின் வடிவம், திருமணச் சடங்குகள் முதலியவற்றோடு, பிற சமயத்தார் முறையில் சடங்காக நீராடுதலும் அவ்வாணையில் தடுக்கப்பட்டது. 1744இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் அத்தடையை உறுதிசெய்தார். அதன்பின் இப்பகுதிக்கு வந்த மறைப்பணியாளர் அனைவரும் இச்சடங்குகளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தல் கட்டாயமாயிற்று. அக்கட்டாயம் 1940இல்தான் நீக்கப்பட்டது.

எனவே, 1877இல் வில்லியனூரில் லூர்து அன்னையின் சுரூபத்தை நிறுவிய பிரெஞ்சுக் குருக்கள், சடங்கு நீராட்டை மறுக்கும் உறுதிமொழிக்கு உட்பட்டவர்கள். அவர்களிடம் வந்து சேர்ந்த புதிய பக்தியோ நீரையே மையமாகக் கொண்டது. அதற்கு ஐரோப்பியச் சான்றும் உரோமையின் ஒப்புதலும் இருந்தன. புதுச்சேரியில் ஒருகாலத்தில் ‘புறச்சமய வழக்கு’ என விலக்கப்பட்ட புனித நீர் உணர்வு, லூர்தின் வழியே திருச்சபையின் ஏற்பு பெற்ற வடிவில் மீண்டும் வந்தது. மக்கள் அதற்குத் தாம் அறிந்த உருவத்தை அளித்தனர். அதன் விளைவே குளம். தழுவலைத் தடுத்த ஆணையும், தழுவலின் சான்றாகிய குளமும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் இடைவெளிக்குள் அமைந்திருப்பது தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் குறிப்பிடத்தக்க முரண்.

இதனைத் திட்டமிட்ட எதிர்ப்பு எனக் கருதுதல் பொருந்தாது. ஆணைகள் குருக்களை நோக்கியவை. வழக்காறோ மக்களிடம் வாழ்வது. ஐயத்துக்குரியதாகாத ஒரு புதிய வாயில் திறந்தபோது பழைய உணர்வு அதன் வழியே இயல்பாக நுழைந்தது எனக் கொள்வதே தகும்.

6. சொற்கள் காட்டும் சான்று

ஆலய வழக்கிலுள்ள சொற்கள் இம்முடிபுக்கு அரண் சேர்க்கின்றன. முதலாவது, ‘லூர்து’ என்னும் பெயரே. பிரெஞ்சில் இப்பெயரின் இறுதி ‘s’ ஒலிப்பதில்லை; அதன் முன்னுள்ள ‘d’ பல்லொலி. தமிழ் வடிவம் அவ்விரண்டையும் அப்படியே காட்டுகிறது: இறுதியில் சகரம் இல்லை; டகரத்துக்கு மாறாகத் தகரம் வந்துள்ளது. ஆங்கிலத்தின் வழியே வந்த சொற்களில் இவ்வொலி ரோடு, போர்டு எனத் தமிழில் டகரமாகவே அமையும். ‘துய்ப்ளே’ என்னும் பெயரில் பிரெஞ்சு ஒலி தகரமாக நிற்றலை இதனோடு ஒப்பிடலாம். ஆகவே ‘லூர்து’ என்னும் சொல், இப்பக்தி பிரெஞ்சு நாவிலிருந்து தமிழ்ச் செவிக்கு நேரே வந்ததைத் தன்னுள் பதிந்து வைத்திருக்கிறது. தொல்காப்பியம் லகரத்தை மொழிமுதல் எழுத்தாகக் கொள்ளவில்லை. ஆயினும் இப்பெயர் உகரம் முன்னிட்டு ‘உலூர்து’ ஆகாமல் நிலைத்தமை, அது ஏட்டு வழியாக அல்லாமல் பேச்சு வழியாகப் பரவியதைச் சுட்டுகிறது.

இரண்டாவது, அப்பெயர் அடைந்த வளர்ச்சி. வீரமாமுனிவர் (1680-1747) கோணான்குப்பத்தில் அன்னைக்குப் பெரியநாயகி எனவும், ஏலாக்குறிச்சியில் அடைக்கலமாதா எனவும் தமிழ்ப்பெயர் சூட்டினார். லூர்து அன்னைக்கு அத்தகைய பெயர் மாற்றம் நிகழவில்லை. ஆனால் மக்கள் வேறொரு வகையில் அதனைத் தமிழாக்கினர். பழனி, சிதம்பரம், திருப்பதி, வேளாங்கண்ணி எனத் தலப்பெயரையே மக்கட்பெயராக இடுவது தமிழர் வழக்கம். அவ்வழியே லூர்துசாமி, லூர்துராசு, லூர்துமேரி, லூர்தம்மாள் என்னும் பெயர்கள் தோன்றின. பழனிச்சாமி என்னும் பெயரின் ஆக்கமும் லூர்துசாமி என்னும் பெயரின் ஆக்கமும் ஒன்றே. பிரனீசு மலையடிவாரத்துச் சிற்றூர், தமிழ்ப் பெயரிடு மரபில் பழனிக்கு நிகரான இடத்தைப் பெற்றது.

மூன்றாவது, பகிர்வும் விலகலும். கோயில், தேர், கொடியேற்றம், தீர்த்தம் என்னும் சொற்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் பொதுமரபிலிருந்து எடுத்துக்கொண்டனர். திருமுழுக்குக்கு முன்னர் வழங்கிய ‘ஞானஸ்நானம்’ என்னும் சொல்லிலேயே நீராட்டு உள்ளது. சடங்கு நீராட்டைத் தடுத்தவர்களும் முதற் சடங்கை நீராட்டு என்றே அழைக்க வேண்டியிருந்தது. மறுபுறம், அன்னையின் உருவத்தை விக்கிரகம் என்னாது ‘சுரூபம்’ என்பர். அதன் உலாவைத் திருவீதியுலா என்னாது ‘பவனி’ என்பர். எங்கு ஒன்றுபடுவது, எங்கு வேறுபடுவது என்னும் தெரிவு இச்சொல்லாட்சியில் நுட்பமாக அமைந்துள்ளது.

7. தேரும் நாள்காட்டியும்

லூர்து அன்னையின் திருநாள் உலகத் திருச்சபையில் பிப்ரவரி 11. வில்லியனூர்ப் பெருவிழாவோ உயிர்ப்பு ஞாயிற்றை அடுத்து வரும் நாள்களில் கொடியேறி, நவநாள் வழிபாடுகளுடன் நடைபெற்று, ஆடம்பரத் தேர்பவனியோடு நிறைவுறுகிறது. உயிர்ப்பு ஞாயிறு மார்ச்சு 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே வருவதால், இவ்விழா பங்குனி, சித்திரை மாதங்களில் அமையும். சம்பா அறுவடை முடிந்து, வேளாண் குடிகளின் கையில் சிறிது நெல்லும் ஓய்வும் உள்ள பருவம் அது. பங்குனி உத்திரமும் சித்திரைத் திருவிழாக்களும் நிகழும் காலமும் அதுவே. திருச்சபை நாள்காட்டிக்குள்ளேயே உழவர் நாள்காட்டிக்கு இசைந்த இடம் ஒன்று இவ்வாறு கிடைத்தது.

கொடியேற்றத்தில் தொடங்கித் தேரில் முடியும் இவ்வமைப்பு, திருக்காமீசுவரர் கோயிற் பெருவிழாவின் அமைப்போடு ஒத்தது. வில்லியனூர் மக்கள் ஆண்டுதோறும் வெயிற்காலத்தில் இரு தேர்களைக் காண்கின்றனர். அன்னையின் விழாவுக்குப் பிற சமயத்தாரும் திரளாக வருவது இவ்வொப்புமையின் பயன். வருவோர்க்கு விழாவின் மொழி முன்னரே தெரியும்.

8. நீரும் சாதியும்

இவ்விணக்கத்தைப் பேசுமிடத்து அதன் மறுபக்கத்தை மறைத்தல் ஆய்வறமாகாது. தமிழ் வழிபாட்டு வடிவங்களை ஏற்றபோது அவற்றோடு பிணைந்த சாதி ஒழுங்கும் திருச்சபைக்குள் நுழைந்தது. 1745இல் புதுச்சேரித் தேவாலயத்தினுள் ஒடுக்கப்பட்ட சாதியினரைப் பிரித்து வைத்த சுவர் ஒன்று இருந்ததும், அவர்கள் குருவிடம் முறையிட்டதும், அச்சுவர் நீக்கப்பட்டதும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பதிவாகியுள்ளன. சுவர் நீங்கியதோடு சிக்கல் நீங்கவில்லை. இருக்கை, கல்லறை, தேர்ப்பாதை எனப் பல வடிவங்களில் அது அடுத்த நூற்றாண்டுகளிலும் தமிழகப் பங்குகளில் தொடர்ந்தது.

குளம் என்னும் வடிவத்துக்கு இதில் தனியிடம் உண்டு. யார் எப்படித்துறையில் இறங்கலாம், யார் நீர் முகக்கலாம் என்பன சாதியாட்சி தன் எல்லையை வரைந்த முதன்மைக் களங்கள். 1927இல் மகாடு நகரின் சவுதார்க் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகியது அதனாலேயே போராட்டமாயிற்று. ஆதலின் ஒரு திருக்குளத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் நீரின் புனிதத்தை மட்டும் எழுதினால் போதாது. அந்நீர் எவர்க்கெல்லாம் எட்டியது என்பதையும் எழுதவேண்டும். பஞ்ச காலத்தில் திருமுழுக்குப் பெற்ற பல்லாயிரவரின் வழித்தோன்றல்கள் தம் குடும்ப நினைவில் வைத்திருக்கும் செய்திகள் இவ்வகையில் முதன்மைச் சான்றுகள்.

முடிவுரை

வில்லியனூர்த் தூய லூர்து அன்னை ஆலயம் பிரெஞ்சு மறைப்பணியின் ஆக்கமாகத் தொடங்கியது. சுரூபமும் பெயரும் பிரான்சிலிருந்து வந்தன. முடிசூட்டுக்கான ஒப்புதல் உரோமையிலிருந்து வந்தது. குளமும் தேரும் விழாக்காலமும் தலக்கதையும் பெயரிடு மரபும் தமிழ் நிலத்திலிருந்து வந்தன. முன்னவை ஆவணங்களில் எளிதிற் கிட்டுகின்றன. பின்னவை வழக்காற்றில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் முன்னவற்றை மட்டும் கொண்டு ஆலயத்தை ‘இந்தியாவின் லூர்து’ எனச் சுருக்கிவிடும் போக்கு வளர்ந்துள்ளது. ஊற்று குளமான வரலாற்றை நோக்குங்கால் அச்சுருக்கம் பொருந்தவில்லை.

ஆலயம் 150 ஆண்டு நிறைவை எட்டும் இக்காலத்தில் இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. படியாக்கம் எனக் கருதப்படும் கட்டடத்தைப் புதுப்பிப்போர் மூலத்தை நோக்கியே திருத்த முற்படுவர். அத்திருத்தத்தில் முதலில் மறைவன உள்ளூர்க் கூறுகளே. குளத்தின் படியமைப்பு, தேரின் அமைப்பும் அதனை இழுக்கும் உரிமைமுறையும், நவநாட்பாடல்கள், முதியோர் சொல்லும் சுரூப வருகைக் கதை ஆகியவற்றை முறையாகப் பதிவு செய்தல் உடனடியாக ஆற்றவேண்டிய பணி. கல்வெட்டு இல்லாத இவ்வாலயத்துக்கு அப்பதிவே கல்வெட்டாக அமையும்.